டிஸ்க்கைப் பறித்துவிட்டு விலையை ஏற்றாதீர்கள்: வீடியோ கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் வீடியோ கேம் விற்கும் பெரிய வெளியீட்டு நிறுவனங்களில் விலையை முடிவுசெய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

70 டாலரை 80 டாலராக்கும் வேலையை நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். 2025 ஜூனில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலோடு (கேம் விளையாடுவதற்கென்றே உள்ள கருவியைத்தான் கன்சோல் என்கிறோம்) வந்த ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ அமெரிக்காவில் 80 டாலர். அதே ஆண்டு ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’ கேமுக்கும் 80 டாலர் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஜூலையில் 70க்கு இறக்கினார்கள். அந்த எண்ணமே கைவிடப்பட்டுவிட்டது என்று விளையாடுகிறவர்களில் யாரும் நம்பவில்லை. அமெரிக்காவில் பத்து டாலர் ஏறினால் இங்கே என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒருமுறை பார்த்துவிட்டோம். சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்சோல் காலத்தில் பெரிய கேம்கள் அமெரிக்காவில் 60 டாலருக்கும் இங்கே 3,999 ரூபாய்க்கும் வந்தன. பிஎஸ்5 வந்ததும் அங்கே 70 டாலர், இங்கே 4,999 ஆனது. டாலரில் ஆறில் ஒரு பங்கு உயர்ந்தது, ரூபாயில் நான்கில் ஒரு பங்கு உயர்ந்தது.

நான் கோயம்புத்தூரில் காந்திபுரம் பக்கம் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். பிஎஸ்2 காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விளையாடவிடும் கடையாகத் தொடங்கியது. பிறகு புது டிஸ்க் விற்பதும், பழைய டிஸ்க்கை வாங்கி மாற்றிக் கொடுப்பதும் முதன்மைத் தொழிலாயின. என் பிழைப்பு இதில் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் உங்கள் சந்தை ஆய்வுக்காரர்கள் யாரும் நிற்காத இடத்தில் நான் இத்தனை காலமாக நிற்கிறேன். பணத்தை எண்ணிக் கொடுக்கும் கையையும், இரண்டு மாதம் கழித்து அதே கை டிஸ்க்கைத் திருப்பி நீட்டுவதையும் பார்ப்பவன் நான்.

விலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே உங்கள் தரப்பில் ஒரே பதில் வருகிறது: அந்தக் காலத்தில் கேம்கள் இதைவிட விலை அதிகம், பணவீக்கத்தைக் கணக்கிட்டால் இப்போது மலிவு. இதில் உண்மை இருக்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கான கேம்கள் 60, 70 டாலருக்கு விற்றன. 1995இல் வந்த ‘குரோனோ டிரிக்கர்’ 80 டாலரைத் தொட்டது. இன்றைய மதிப்பில் அது 150 டாலருக்கும் மேல்.

ஆனால் அந்த விலைக்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் கேசட் என்று சொன்ன அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிப் இருந்தது. கேம் பெரிதானால் சிப்பும் பெரிதாக வேண்டும், செலவும் ஏறும். அதன்மேல் கன்சோல் நிறுவனத்துக்குக் கட்டும் உரிமத்தொகை வேறு. சிடி வந்ததும் அந்தச் செலவு சரிந்தது. 1997இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ நின்டெண்டோவை விட்டு பிளேஸ்டேஷனுக்குப் போய் மூன்று சிடியில் வந்தது. பிளேஸ்டேஷன் கேம்கள் 40, 50 டாலருக்குக் கிடைத்தன. அதாவது பொருளின் செலவு குறைந்தபோது விலையும் குறைந்தது. இப்போது பாருங்கள். டவுன்லோடு பதிப்பில் சிப் இல்லை, சிடி இல்லை, பெட்டி இல்லை, லாரி வாடகை இல்லை, என் போன்ற கடைக்காரனுக்கு விடும் கமிஷனும் இல்லை. ஆனாலும் பிஎஸ்5 வந்தபோது டிஸ்க்கும் 4,999, டவுன்லோடும் 4,999.

இன்னொன்றையும் அந்தக் கணக்கில் விட்டுவிடுகிறீர்கள். 1995இல் 80 டாலர் கொடுத்தவருக்கு முழு கேம் கையில் வந்தது. அதைத் தம்பிக்குக் கொடுக்கலாம், நண்பனுக்கு இரவல் தரலாம், சலித்தால் விற்கலாம். இன்றும் அந்தக் கேசட்டைச் செருகினால் யாருடைய அனுமதியும் கேட்காமல் ஓடும்.

2005 முதல் 2020 வரை பதினைந்து ஆண்டுகள் 60 டாலரிலேயே நின்றோம் என்பது உங்கள் அடுத்த வாதம். பெட்டியின்மேல் ஒட்டிய விலை நின்றது, அவ்வளவுதான். 2006இல் ‘ஆப்லிவியன்’ கேமில் குதிரைக்குக் கவசம் 2.50 டாலர் என்று விற்றபோது உலகமே வியந்தது. அதன் பிறகு, பின்னால் வரும் பகுதிகளுக்கு முன்கூட்டியே காசு வாங்கும் சீசன் பாஸ், விளையாட விளையாடப் பரிசு திறக்கும் பேட்டில் பாஸ், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக வந்தன. இஏ நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் சொன்ன கணக்குப்படி, 2021 நிதியாண்டில், வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்த்து அணி அமைக்கும் ‘அல்டிமேட் டீம்’ வகையில் மட்டும் அதற்கு 160 கோடி டாலருக்கு மேல் வருவாய். கேமை முழு விலைக்கு விற்ற பிறகு, அதற்குள் அந்த அட்டைகளை விற்று வந்த பணம் அது. விலையை உயர்த்தாமல் தியாகம் செய்ததாக இதற்குப் பிறகும் எங்களிடம் சொல்லாதீர்கள்.

இந்தியக் கணக்குக்கு வருகிறேன். உங்கள் அலுவலகங்களில் யாருக்கும் இது தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

இங்கே 4,999 ரூபாய் கொடுத்துக் கேம் வாங்கியவர் உண்மையில் 4,999 செலவழித்ததில்லை. வெளியான வாரமே வாங்குவார், கதையை முடிப்பார், சூடு ஆறுவதற்குள் கொண்டுவருவார். நான் டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பேன். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. டிஸ்க்கின் வட்டத்தோடு வளைந்து போகும் கீறல்தான் கேமை நடுவில் நிறுத்தும். நடுத்துளையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பேன். அட்டை, பெட்டி எல்லாம் சரியாக இருந்தால் 3,000, சில கேமுக்கு 3,500 கூடக் கொடுப்பேன். அதன்மேல் கொஞ்சம் போட்டு அவர் அடுத்த புது கேமை எடுத்துக்கொண்டு போவார். அவர் விட்டுப்போன டிஸ்க்கை ஐந்நூறு ரூபாய் லாபம் வைத்து இன்னொருவருக்கு விற்பேன். அதுவும் திரும்பி வரும். முதல் ஆளுக்கு அந்த கேம் அடக்கவிலையில் 1,500லிருந்து 2,000 வரை. நான்காவது கைக்குப் போகும்போது அதுவே ஐந்நூறு, அறுநூறு ரூபாய்ச் செலவுதான். கல்லூரி விடுதிப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு டிஸ்க் வாங்குவார்கள், முடித்த பிறகு யார் விற்க வருவது என்பதில்தான் சண்டை வரும்.

பழைய டிஸ்க் விற்பனையில் எங்களுக்கு ஒரு பைசா வருவதில்லை என்பீர்கள். நேரடியாக வருவதில்லைதான். ஆனால் பைக் வாங்குகிறவர் மறுவிற்பனையில் என்ன தேறும் என்பதையும் பார்த்துத்தான் புது வண்டிக்கு முன்பணம் கட்டுகிறார். திரும்பி வரும் அந்த 3,000 ரூபாயை நம்பித்தான் ஒருவர் உங்களிடம் 4,999 கொடுக்கத் துணிந்தார். தனிநபர் ஆண்டு வருமானம் சராசரியாக இரண்டு லட்சம் ரூபாய் அளவில் இருக்கும் நாட்டில், மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே வரும் ஒரு பொழுதுபோக்குப் பொருள் வேறு எந்த வழியில் விற்றிருக்கும்?

டிஸ்க் டிரைவ், அதாவது டிஸ்க்கைச் செருகும் பகுதி, இல்லாத பிஎஸ்5 இங்கே வந்தபோது 10,000 ரூபாய் குறைவு. 2021 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமானபோது அது 39,990, டிஸ்க் டிரைவ் உள்ளது 49,990. அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் என்று நம்பி எத்தனையோ பெற்றோர் வாங்கினார்கள். நான்கு புது கேம் வாங்கித் திருப்பி விற்க முடியாமல் போனாலே அந்த மிச்சம் கரைந்துவிடும். கடைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் விளம்பரங்களில் அதை நான் பார்த்ததில்லை.

என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டறையில் வேலைசெய்யும் ஒருவர், மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக ஒரு புது கேம் வாங்கிப் போனார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே பெட்டியோடு வந்து நின்றார். “உள்ளே ஒன்றுமே இல்லையே தம்பி” என்றார். திறந்து பார்த்தேன். டிஸ்க்கைப் பொருத்தும் வட்டக் குமிழ் அப்படியே காலியாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் கேமை இணையத்திலிருந்து இறக்குவதற்கான, சுரண்டிப் பார்க்க வேண்டிய எண். பெட்டியின் பின்புறம், அடியில், மருந்துச் சீட்டு எழுத்தைவிடச் சிறிய ஆங்கிலத்தில், இதில் டிஸ்க் இல்லை, இணையம் வேண்டும் என்று போட்டிருந்தது. விற்பதற்கு முன் நான் டிஸ்க்கை உருவிக்கொண்டதாகவே அவர் நினைத்திருந்தார். அவர் அப்படி நினைத்ததில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த கேம் சுமார் 100 ஜிபி. அவர் வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. கைப்பேசியில் நாளொன்றுக்கு 2 ஜிபி திட்டம். வேறு எதற்கும் இணையத்தைத் தொடாமல் இருந்தாலும் ஐம்பது நாள் ஆகும், அதற்குள் பள்ளி திறந்துவிடும். பையன் முதல்நாள் இரவே சீட்டைச் சுரண்டிவிட்டதால் விநியோகஸ்தர் திருப்பி எடுக்க மறுத்தார். நிறுவனத்துக்கு எழுதினேன். பெட்டியில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. பணத்தை நானே கொடுத்து அனுப்பினேன். டிஸ்க் இருந்திருந்தால் அவர் பையன் அன்றே பெரும்பகுதியை ஏற்றி விளையாடியிருப்பான். ஆண்டு முடிவில் அதை விற்றுப் பாதிப் பணத்தையாவது எடுத்திருப்பார்.

இது பழக்கவழக்கத்தின் பிரச்சினை, இளைய தலைமுறைக்கு டிஸ்க் தேவைப்படவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். 2013ஐ நினைத்துப் பாருங்கள். தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் வரும்போது பழைய கேம்களை விற்பதற்கும் இரவல் தருவதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. எங்களிடம் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று சோனி மேடையேறி அறிவித்துக் கைத்தட்டல் வாங்கியது. சில நாட்களிலேயே, ஜூன் மாதம் முடிவதற்குள், மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அன்று கைத்தட்டியவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. அதை நம்பி பிஎஸ்4 வாங்கினார்கள். அன்று வெளிப்படையாகக் கேட்டுப் பெற முடியாததை, இன்று டிரைவ் இல்லாத கன்சோல், டிஸ்க் இல்லாத பெட்டி என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறீர்கள்.

டிஸ்க் இருந்தாலும் போதாது என்பதற்கு ‘தி குரூ’ ஓர் உதாரணம். யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட கார்ப் பந்தயக் கேம். தனியாக விளையாடவும் இணையம் கட்டாயம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் டிஸ்க்குகள் அன்றோடு பயனற்றுப் போயின. அதிலிருந்து பிறந்த, விற்ற கேமைப் பயனற்றதாக்காதீர்கள் என்று கேட்கும் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அதே யூபிசாஃப்ட் பிறகு ‘தி குரூ 2’ கேமுக்கு இணையம் இல்லாமல் விளையாடும் வழியைச் செய்து கொடுத்தது. ஆகவே தொழில்நுட்பம் இடம் தராது என்ற பேச்சுக்கு இடமில்லை. சோனியின் ‘கான்கார்டு’ 2024 ஆகஸ்ட் 23இல் வந்து செப்டம்பர் 6இல் மூடப்பட்டபோது வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது சரியான நடத்தை. இரண்டு வாரத்தில் மூடினால் மட்டும் அந்த நடத்தை போதுமா?

தயாரிப்புச் செலவு பெருத்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ கேமுக்கு 22 கோடி டாலர் ஆனது என்று 2023இல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்களில் தெரிந்தது. ஆனால் அந்த அளவுக்குப் பெருக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. என் கடைக்கு வருகிற எவரும் கதாநாயகனின் சட்டைத்துணியில் நூலிழை தெரியவில்லை என்று குறைபட்டதில்லை. கேம் பாதியில் தொங்குகிறது, முடிவு தனியாக விற்கப்படுகிறது, முதல் மாதம் விளையாடவே முடியவில்லை என்றுதான் குறைபடுகிறார்கள். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளியான எட்டாவது நாளே பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். முழு விலை கொடுத்து முதல்நாள் வாங்கியவர்கள், உங்களுக்குச் சம்பளமில்லாத சோதனையாளர்களாக ஆக்கப்பட்டார்கள்.

வேறு வழி இருக்கிறது என்பதைக் காட்டியவர்களும் உங்கள் துறையில்தான் இருக்கிறார்கள். 2023இல் லேரியன் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 3’, கணினி கேம்களுக்கான ஆன்லைன் கடையான ஸ்டீமில் 2,999 ரூபாய்க்கு வந்தது. நூறு மணி நேரம் விளையாடலாம், உள்ளே எந்தக் கடையும் கிடையாது. 2025இல் ‘கிளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33’ 50 டாலர், ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 20 டாலர். சில்க்சாங் வெளியான அன்று நெரிசலில் ஆன்லைன் கடைகளே திணறின. டொராண்டோவின் சிறு குழு ஒன்று 2023இல் தந்த ‘வெண்பா’ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை அது, இட்லியில் தொடங்குகிறது. அதை 15 டாலருக்கு நேர்மையாக விற்றார்கள், நேரம் போதவில்லை என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. எதிர்பார்ப்பைக் கண்டபடி ஏற்றிவிட்டது விளையாடுகிறவர்கள் இல்லை.

கைப்பேசியில் வளர்ந்த பையன்களின் எதிர்பார்ப்பு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குக் கேம் என்றால் இலவசம், சட்டைக்கும் துப்பாக்கி வண்ணத்துக்கும்தான் காசு. 5,000 ரூபாய்ப் பெட்டியைக் கண்டால் சிரிக்கிறார்கள். ஆனால் மாதாமாதம் ‘ஸ்கின்’ வாங்கிய பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அதைத் தாண்டியிருக்கிறது. விற்கவோ கொடுக்கவோ அதில் ஒன்றுமே கையில் மிஞ்சுவதில்லை. அவர்களை முழுக் கேம்களின் பக்கம் கொண்டுவர எங்களிடம் இருந்த ஒரே வழி அறுநூறு ரூபாய்ப் பழைய டிஸ்க்தான்.

ஒரு காலத்தில் எங்கள் ஊர்களில் ஓடியவற்றில் பெரும்பாலானவை திருட்டு டிஸ்க்குகள். சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் பர்மா பஜாரிலிருந்தும் கட்டுக்கட்டாக வந்தன. காவல்துறைச் சோதனைகள் அதை ஒழிக்கவில்லை. 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலைபோடத் தொடங்கியது, கன்சோலில் டிஸ்க் மாற்றும் கடைகள் பெருகின. நியாயமான விலைக்கு அசல் கிடைத்ததும் மக்கள் அசலுக்கு வந்தார்கள். இப்போது திரும்பவும் பழைய கேள்வி என் கவுண்டரில் கேட்கிறது: கிராக் பண்ணிய, அதாவது திருட்டு கேம் ஓடும்படி பூட்டை உடைத்த, கன்சோல் கிடைக்குமா அண்ணா என்று. நான் விற்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஏன் திரும்பி வந்தது என்பதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

எனவே உங்களிடம் கேட்பவை இவை. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும், விலை அச்சிடும் அதே அளவு எழுத்தில், உள்ளே டிஸ்க் இருக்கிறதா, அதில் முழு கேமும் இருக்கிறதா, எத்தனை ஜிபி இறக்க வேண்டும் என்பதை அச்சிடுங்கள். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அச்சிடுங்கள். டிஸ்க் இல்லாத பெட்டியை விற்றால், சீட்டைச் சுரண்டியிருந்தாலும் எண் பயன்படுத்தப்படாத வரை பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எண் பயன்படுத்தப்பட்டதா இல்லையா என்பது உங்கள் சர்வருக்குத் தெரியும்.

டவுன்லோடு பதிப்புக்கு டிஸ்க்கின் விலையை வைக்காதீர்கள். திருப்பி விற்க முடியாத பொருளுக்கு, விற்க முடிந்த பொருளின் விலை நியாயமில்லை. ஒன்று, இந்தியாவில் டவுன்லோடு விலையைக் குறையுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் தன் பதிப்பை ஒருமுறையாவது இன்னொரு கணக்குக்கு மாற்றித்தர வழிசெய்யுங்கள். டாலரை ரூபாயால் பெருக்கி விலைபோடுவதை விட்டு, இங்கே உள்ள வருமானத்தைப் பார்த்து விலைபோடுங்கள்.

வாங்குவது உரிமம் மட்டும்தான் என்பதை விற்பனையின்போதே தெரிவிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் அதை இந்தியாவிலும் எல்லாக் கடைகளிலும் செய்யுங்கள். இணையம் கட்டாயமான கேம் என்றால், குறைந்தது எந்த ஆண்டுவரை சர்வர் இயங்கும் என்பதை விற்கும்போதே எழுதிக் கொடுங்கள். அதன் பிறகு நிறுத்துவதானால், தனியாக விளையாடும் பகுதியை இணையமின்றி ஓடும்படி மாற்றிக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

ஸ்டீம் 2015 முதல் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. டவுன்லோடைத் தொடங்கிவிட்டாலே பணம் திரும்பாது என்ற விதியை பிளேஸ்டேஷன் ஸ்டோர் போன்ற கன்சோல் நிறுவனங்களின் ஆன்லைன் கடைகள் கைவிட வேண்டும்.

கடைசியாக, அடுத்த கன்சோலில் டிஸ்க் டிரைவ் இருக்குமா, இப்போது வீடுகளில் இருக்கும் டிஸ்க்குகள் அதில் ஓடுமா என்பதை முன்பதிவு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே அறிவியுங்கள். எங்கள் அலமாரிகளில் இருக்கும் சரக்கை என்ன செய்வது என்று நாங்களும், மாதத் தவணையில் கன்சோல் எடுக்கும் குடும்பங்களும் முடிவுசெய்ய அந்த அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு வீடியோ கேம் கடைக்காரன்